எட்டு மூலிகை, மூன்று மருந்து: பிசி-ஸ்பெஸ் ஒரு நிகழ்வு ஆய்வு

1996-ஆம் ஆண்டின் கடைசியில் அமெரிக்காவில் ஒரு மூலிகைக் காப்ஸ்யூல் விற்பனைக்கு வந்தது. பெயர் பிசி-ஸ்பெஸ். விற்றது கலிஃபோர்னியாவின் பிரேயா நகரில் இருந்த பொட்டானிக்லேப் என்ற நிறுவனம். வாங்கியவர்கள் பெரும்பாலும் புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே இருக்கும் சுரப்பி) புற்றுநோய் வந்து, சிகிச்சை முடித்து, நோய் திரும்புமோ என்ற கவலையோடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்துகொண்டிருந்த ஆண்கள். 2002 பிப்ரவரியில் அந்தக் காப்ஸ்யூல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அதே ஆண்டின் நடுவில் நிறுவனமும் மூடப்பட்டது.

இடைப்பட்ட காலத்தில் அது பெரிய மருத்துவ இதழ்களில் இடம் பிடித்தது. அரசு நிதியில் அதன்மேல் ஆராய்ச்சிகள் நடந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, அது வேலை செய்தது. சாப்பிட்டவர்களின் ரத்தப் பரிசோதனை எண்கள் கண்ணெதிரே இறங்கின. அப்புறம்தான் உள்ளே என்ன இருந்தது என்று தெரியவந்தது.

புற்றுநோயிலிருந்து மீண்டவர்கள் மாற்று மருந்தை நாடுவதைப் பற்றிப் பேச்சு வந்தால், "எல்லாமே பித்தலாட்டம்" என்று ஒரு கட்சியும், "மூலிகைதானே, பக்கவிளைவே கிடையாது" என்று இன்னொரு கட்சியும் கிளம்பிவிடும். பிசி-ஸ்பெஸ் இந்த இரண்டு கட்சிக்கும் அடங்காத நிகழ்வு. அதனால்தான் இத்தனை ஆண்டுகள் கழித்தும் இதை விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றியது. "பலன் தெரிகிறது" என்ற இடத்தில் நாம் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறோம். கேள்வி தொடங்க வேண்டிய இடமே அதுதான் என்பது என் கருத்து.

யார் சாப்பிட்டார்கள், ஏன்?

புராஸ்டேட் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவருக்கு, அதன்பின் வாழ்க்கையை அளப்பது ஒரே ஒரு எண். புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தை அளக்கும் பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை. புராஸ்டேட்டை முழுதாக எடுத்துவிட்டால் அந்த எண் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு வர வேண்டும். சில ஆண்டுகள் அப்படியே இருக்கும். பிறகு சிலருக்கு மெல்ல ஏறத் தொடங்கும். 0.2, 0.4, 0.9. உடம்பில் வலி இல்லை, சோர்வு இல்லை, வழக்கம்போல வேலைக்குப் போகிறார், பேரப் பிள்ளைகளோடு விளையாடுகிறார். ஆனால் எங்கோ சில செல்கள் உயிரோடு இருக்கின்றன என்று அந்த எண் சொல்கிறது.

அந்த நிலையில் மருத்துவர் சொல்லக்கூடிய வழிகளில் முக்கியமானது ஆண் ஹார்மோனை அடக்குவது. புராஸ்டேட் புற்றுநோய் டெஸ்டோஸ்டிரோன் என்ற அந்த ஹார்மோனைத் தின்று வளர்வது. அதை வற்றடித்தால் நோய் சுருங்கும். 1941-இல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் இதைக் காட்டினார். அதற்காக 1966-இல் நோபல் பரிசும் பெற்றார். விந்தகங்களை அகற்றியும் செய்யலாம், பெண் ஹார்மோன் கொடுத்தும் செய்யலாம் என்பது அவர் கண்டது. 1980-களின் நடுவிலிருந்து லியூப்ரோலைடு போன்ற ஊசிகள் அந்த இடத்தைப் பிடித்தன. நோய் அடங்குகிறது, சரி. ஆனால் உடம்பு குபீரென்று கொதிக்கும், பாலுணர்வு போய்விடும், எலும்பு தேயும், மனம் மந்தமாகும். நன்றாக நடமாடும் ஒருவரிடம், வெறும் எண்ணைக் காட்டி இதற்கெல்லாம் சம்மதிக்கச் சொன்னால் அவர் தயங்குவது இயல்பு.

அந்தத் தயக்கத்துக்குள்தான் பிசி-ஸ்பெஸ் நுழைந்தது. எட்டு மூலிகைகள் என்றது பாட்டில்: ஒரு வகைச் சாமந்தி, ஐசாடிஸ், அதிமதுரம், ரெய்ஷி காளான், ஒரு வகை ஜின்செங், ராப்டோசியா, ஸ்கல்கேப், சா பால்மெட்டோ. கடைசியில் உள்ளது அமெரிக்கக் குட்டைப் பனையின் பழம். மற்ற ஏழும் சீன மருத்துவத்தில் நெடுங்காலமாகப் புழங்குபவை. அதிமதுரம் நம் வீட்டுப் பெட்டியிலும் உண்டு. பார்த்தால் பயப்பட எதுவுமே இல்லாத பட்டியல்.

இவர்களை ஏமாளிகள் என்று சொல்வது எனக்குச் சம்மதமில்லை. பலர் படித்தவர்கள். தங்கள் பி.எஸ்.ஏ. எண்களை மாதவாரியாக எழுதி வைத்தவர்கள். நோயாளர் ஆதரவுக் குழுக்களில் ஒருவருக்கொருவர் அந்த எண்களை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள். காப்ஸ்யூலைத் தொடங்கிய சில வாரங்களில் எண் இறங்கியதை அவர்களே கண்டார்கள். அவர்கள் நம்பியது விளம்பரத்தை மட்டும் அல்ல, தங்கள் சொந்த ஆய்வக அறிக்கையை.

விற்க அனுமதி எப்படிக் கிடைத்தது?

அனுமதியே தேவைப்படவில்லை. 1994-இல் அமெரிக்க நாடாளுமன்றம் உணவுத் துணைப்பொருட்களுக்கு ஒரு சட்டம் கொண்டுவந்தது. மூலிகைகள், வைட்டமின்கள், தாது உப்புகள் எல்லாம் அதற்குள் வந்தன. மருந்து என்றால் விற்பதற்கு முன்னால் பாதுகாப்பையும் பலனையும் நிரூபிக்க வேண்டும். துணைப்பொருளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆபத்து என்று சொல்ல வேண்டுமானால் விற்பனைக்கு வந்தபிறகு அரசுதான் நிரூபிக்க வேண்டும். பாட்டிலில் எழுதியிருப்பது உள்ளே இருக்கிறதா என்று விற்பதற்கு முன் வெளியாள் ஒருவர் பிரித்துப் பார்க்கும் ஏற்பாடு அந்தச் சட்டத்தில் கிடையாது. எழுதாத ஒன்று உள்ளே இல்லை என்று உறுதி செய்யும் ஏற்பாடும் இல்லை. இந்த நிகழ்வு முழுவதற்கும் வாசல் திறந்தது இங்கேதான்.

முதல் எச்சரிக்கை, 1998

1998 செப்டம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் நியூ ஜெர்சி ஆய்வாளர்களின் கட்டுரை ஒன்று வந்தது. பிசி-ஸ்பெஸ் எடுத்த 8 நோயாளிகளை அவர்கள் பார்த்திருந்தார்கள். எட்டுப் பேருக்கும் பி.எஸ்.ஏ. இறங்கியிருந்தது. டெஸ்டோஸ்டிரோன் அளந்து பார்த்த 6 பேருக்கும் அதுவும் இறங்கியிருந்தது. கூடவே எட்டுப் பேருக்கும் மார்பகத்தில் தொட்டால் வலியும் பாலுணர்வு இழப்பும் இருந்தன. ஒருவருக்குச் சிரையில் ரத்தக்கட்டு.

இந்தப் பட்டியலைப் பழைய புராஸ்டேட் மருத்துவர் யாரிடம் காட்டினாலும், பெயரைப் பார்க்காமலே "எஸ்ட்ரோஜன்" என்று சொல்லிவிடுவார். ஆண் ஒருவர் பெண் ஹார்மோன் எடுத்தால் என்னென்ன நடக்குமோ அத்தனையும் வரிசையாக இருந்தது. கட்டுரையும் அதையே சொன்னது: இந்தக் கலவைக்கு வலுவான எஸ்ட்ரோஜன் குணம் இருக்கிறது.

ஒரு விஷயத்தை இங்கே நிதானமாகப் பார்க்க வேண்டும். அந்த ஆய்வாளர்கள் சந்தேகப்படாமல் இல்லை. டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால், சுருக்கமாக டி.இ.எஸ்., 1938-இல் ஆய்வகத்தில் உருவாக்கப்பட்ட செயற்கை எஸ்ட்ரோஜன். புராஸ்டேட் புற்றுநோய்க்குப் பல பத்தாண்டுகள் கொடுக்கப்பட்டது. 5 மி.கி. அளவில் அது இதய, ரத்தநாளச் சாவுகளைக் கூட்டுகிறது என்று அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் ஆய்வு காட்டியதும் ஒதுங்கிப்போனது. கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தபோது அவர்களின் மகள்களுக்கு அரிய புற்றுநோய் வந்ததும் 1971-இல் வெளியானது. அந்த டி.இ.எஸ். காப்ஸ்யூலில் இருக்கிறதா என்று 1998-லேயே பார்த்தார்கள். உள்ளே இருக்கும் எஸ்ட்ரோஜன் பொருட்கள் டி.இ.எஸ். போலவோ உடம்பின் வழக்கமான எஸ்ட்ரோஜன்களைப் போலவோ இல்லை, வேறானவை என்ற முடிவுக்கு வந்தார்கள். கேட்ட கேள்வி சரியானது. கிடைத்த விடை பலரையும் ஆறுதல்படுத்திவிட்டது. மூலிகைக்குள் இயற்கையான எஸ்ட்ரோஜன் இருக்கிறது போலும் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

நம்பிக்கை ஏறிய ஆண்டுகள்

2000-இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் குழு 70 நோயாளிகளின் முடிவை வெளியிட்டது. 33 பேர் ஹார்மோன் சிகிச்சைக்கு இன்னும் கட்டுப்படக்கூடிய நிலையில் இருந்தவர்கள். 37 பேர் அந்தக் கட்டத்தைத் தாண்டியவர்கள். முதல் கூட்டத்தில் மதிப்பிட முடிந்த அனைவருக்கும் பி.எஸ்.ஏ. குறைந்தது 80 சதவீதம் இறங்கியது. இரண்டாவது கூட்டத்தில் 35 பேரில் 19 பேருக்குப் பாதிக்கு மேல் இறங்கியது. இரண்டாவது கூட்டம்தான் மருத்துவர்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. ஹார்மோன் ஊசி பலிக்காமல் போனவர்களுக்கு அன்று கையில் இருந்த வழிகள் மிகக் குறைவு. ரத்தக்கட்டு 3 பேருக்கு வந்திருந்தது.

இதே காலத்தில் அமெரிக்க அரசின் மாற்று மருத்துவ மையம் பிசி-ஸ்பெஸ் ஆராய்ச்சிகளுக்கு நிதி கொடுத்தது. பழைய டி.இ.எஸ். மாத்திரையோடு இந்த மூலிகையை நேருக்கு நேர் ஒப்பிடும் ஒரு ஆய்வும் தொடங்கியது. நியாயமான ஒப்பீடு. ஒரு பக்கம் செயற்கை எஸ்ட்ரோஜன், மறுபக்கம் எஸ்ட்ரோஜன் குணமுள்ள மூலிகை என்று நினைத்துத்தான் தொடங்கினார்கள்.

ரத்தம் நிற்கவில்லை

2001-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு கடிதம். பிசி-ஸ்பெஸ் எடுத்துவந்த புராஸ்டேட் நோயாளி ஒருவருக்கு ரத்தம் உறையாத நிலை ஏற்பட்டிருந்தது. எஸ்ட்ரோஜன் ரத்தத்தை உறைய வைக்கும் பக்கம்தான் தள்ளும். இங்கே நடந்தது நேர் எதிர். ரத்தத்தை இளக்கும் வார்ஃபரின்மேல் சந்தேகம் விழுந்தது. யாரும் எழுதிக்கொடுக்காத வார்ஃபரின்.

கலிஃபோர்னியா மாநிலச் சுகாதாரத் துறை காப்ஸ்யூல்களைப் பரிசோதித்தது. பிசி-ஸ்பெஸ்ஸில் வார்ஃபரின் இருந்தது. அதே நிறுவனம் விற்ற ஸ்பெஸ் என்ற இன்னொரு காப்ஸ்யூலில் அல்ப்ரசோலம் இருந்தது. அது பதற்றத்துக்குக் கொடுக்கும் மருந்து. நிறுத்தினால் உடம்பு தவிக்கும். 2002 பிப்ரவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இரண்டையும் சாப்பிடுவதை நிறுத்தச் சொல்லி எச்சரித்தது. நிறுவனம் சரக்கைத் திரும்பப் பெற்றது. அரசு நிதியில் நடந்த ஆராய்ச்சிகள் நிறுத்தி வைக்கப்பட்டன.

காப்ஸ்யூலுக்குள்: ஒரு கணக்கு

2002 செப்டம்பரில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் பெயர் தாங்கிய இதழில் வந்த பகுப்பாய்வுதான் இந்த நிகழ்வின் மையம். 1996 முதல் 2001 நடுப்பகுதி வரை தயாரான வெவ்வேறு பேட்ச்களை எடுத்துப் பிரித்துப் பார்த்திருந்தார்கள். மூன்று செயற்கை மருந்துகள் கிடைத்தன: டி.இ.எஸ்., வலி, வீக்கம் குறைக்கும் இண்டோமெதாசின், அப்புறம் வார்ஃபரின்.

ஒரு காப்ஸ்யூல் 320 மி.கி. முழு அளவு எடுத்தவர்கள் நாளைக்கு 9 விழுங்கினார்கள். அதாவது நாளைக்குக் கிட்டத்தட்ட 2.9 கிராம். ஆய்வு தந்த அளவுகளை இதோடு பெருக்கிப் பாருங்கள்.

டி.இ.எஸ். ஒரு கிராமுக்கு 107 முதல் 159 மைக்ரோகிராம் வரை இருந்தது. நாள் கணக்கில் 0.3 முதல் 0.46 மி.கி. வருகிறது. டி.இ.எஸ். மருந்தாகக் கொடுக்கப்பட்ட காலத்தில் 1 மி.கி.யும் 3 மி.கி.யும் சிகிச்சை அளவுகள். ஆக, மூலிகை என்று நம்பியவர் தினமும் அரை மி.கி.க்குச் சற்றுக் குறைவாக டி.இ.எஸ். விழுங்கியிருக்கலாம். இண்டோமெதாசின் கிராமுக்கு 1 மி.கி.யிலிருந்து 13 மி.கி. வரை. நாளைக்கு 3 முதல் 38 மி.கி. மருந்துக்கடையில் அது 25 மி.கி. காப்ஸ்யூலாகக் கிடைக்கும். வார்ஃபரின் கிராமுக்கு 341 முதல் 560 மைக்ரோகிராம். நாளைக்கு 1 மி.கி.யிலிருந்து 1.6 மி.கி. வரை. சாதாரணமாக வார்ஃபரின் எடுப்பவர் நாளைக்கு 5 மி.கி.யை ஒட்டி எடுப்பார். அதற்கே அடிக்கடி ரத்தம் எடுத்து உறைதல் நேரம் பார்த்து அளவை ஏற்றி இறக்குவார்கள். இங்கே பார்க்க யாருமே இல்லை. இண்டோமெதாசினோடு சேர்ந்தால் வார்ஃபரினின் ரத்தக்கசிவு ஆபத்து இன்னும் கூடும். வேறு காரணத்துக்காக ஏற்கெனவே வார்ஃபரின் எடுத்துக்கொண்டிருந்த ஒரு முதியவர் இதையும் சேர்த்து விழுங்கினால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

இவை மூன்றும் எல்லா பேட்ச்களிலும் ஒரே அளவில் இல்லை. வார்ஃபரின் 1998 ஜூலைக்குப் பிறகு தயாரானவற்றில்தான் முதலில் தென்பட்டது. டி.இ.எஸ்.ஸும் இண்டோமெதாசினும் 1999 வசந்தத்துக்கு முந்தைய பேட்ச்களில் மிகுதி. பிறகு படிப்படியாகக் குறைந்தன. அப்படிக் குறைந்த பேட்ச்களில் வேறு இரண்டு பொருட்கள் கூடின: அதிமதுரத்திலிருந்து வரும் லிக்கோகால்கோன், ஸ்கல்கேப்பிலிருந்து வரும் பைக்காலின். இரண்டும் உண்மையான மூலிகைச் சத்துகள். செயற்கை மருந்து இறங்க இறங்க, மூலிகை ஏறியது. கூடவே காப்ஸ்யூலின் எஸ்ட்ரோஜன் வலிமையும் ஆய்வகத்தில் புற்றுநோய் செல்களைக் கொல்லும் வலிமையும் விழுந்தன. பழைய பேட்ச்கள் புதியவற்றைவிட 50 மடங்கு வரை அதிக எஸ்ட்ரோஜன் வலிமை காட்டின.

இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் கனமாகப் படும் தகவல் இதுதான். பாட்டில் சொன்னதற்கு நெருக்கமாகக் காப்ஸ்யூல் மாறிய காலத்தில்தான் அதன் பலன் சுருங்கியது. யார் சேர்த்தார்கள், எதற்காக என்பதை வேதியியல் சொல்லாது. என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பது மட்டும்தான் அதன் வேலை. நோயாளிக்கு அதுவே போதும்.

ஒப்பீட்டு ஆய்வு சொன்னது

நடுவழியில் நின்ற ஒப்பீட்டு ஆய்வின் முடிவு 2004-இல் வெளிவந்தது. ஹார்மோன் சிகிச்சைக்கு அடங்காத 90 பேர். மூலிகைப் பக்கத்தில் 40 சதவீதம் பேருக்கும், நாளைக்கு 3 மி.கி. டி.இ.எஸ். பக்கத்தில் 24 சதவீதம் பேருக்கும் பி.எஸ்.ஏ. பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. இந்த ஆய்வில் பயன்பட்ட பிசி-ஸ்பெஸ்ஸின் நான்கு பேட்ச்களையும் சோதித்தார்கள். டி.இ.எஸ். இருந்தது, ஆனால் எதிர்ப்பக்கத்துக்குக் கொடுத்த அளவில் 0.01 முதல் 3.1 சதவீதம்தான். கருத்தடை மாத்திரைகளில் இருக்கும் எத்தினைல் எஸ்ட்ராடியாலும் கிடைத்தது.

அப்படியென்றால் இவ்வளவு குறைந்த டி.இ.எஸ்.ஸை வைத்துக்கொண்டு மூலிகைப் பக்கம் எப்படி முந்தியது? எத்தினைல் எஸ்ட்ராடியாலா, மூலிகைகளே கொஞ்சம் உதவினவா, எல்லாம் சேர்ந்த கலவையா? கலப்படம் இல்லாத பிசி-ஸ்பெஸ் இருந்திருந்தால் பதில் தேடலாம். கலப்படம் நோயாளிகளுக்குச் செய்த தீங்கு ஒரு பக்கம் இருக்கட்டும். மூலிகைக்கு ஏதாவது உண்மையான பலன் இருந்திருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் வழியையும் அதுவே அடைத்துவிட்டது. சீன மருத்துவத்தையோ சித்த மருத்துவத்தையோ உண்மையாக நேசிப்பவர்கள் இதற்குத்தான் முதலில் கோபப்பட வேண்டும்.

மருத்துவர்களுக்குத் தெரிந்திருந்ததா?

1997-இல் அமெரிக்காவில் எடுத்த ஒரு பெரிய கணக்கெடுப்பு உண்டு. பெரியவர்களில் 42 சதவீதம் பேர் அந்த ஆண்டில் ஏதாவது ஒரு மாற்று மருத்துவத்தை நாடியிருந்தார்கள். 1990-இல் அது 34 சதவீதம். ஆனால் அப்படி நாடியதைத் தங்கள் மருத்துவரிடம் சொன்னவர்களின் விகிதம் 40-ஐத் தொடவில்லை. 1990-லும் தொடவில்லை, 1997-லும் தொடவில்லை.

பிசி-ஸ்பெஸ்ஸில் இந்த மௌனம் என்ன செய்திருக்கும் என்று யோசியுங்கள். ஹார்மோன் ஊசி போட்டுக்கொண்டே ஒருவர் ரகசியமாகக் காப்ஸ்யூலும் எடுக்கிறார். பி.எஸ்.ஏ. இறங்குகிறது. மருத்துவர் ஊசிக்கு நன்றி சொல்கிறார். இன்னொருவருக்குக் காலில் ரத்தக்கட்டு வருகிறது. வயதாகிவிட்டது, புற்றுநோய் வேறு, அதனால் வந்திருக்கும் என்று கோப்பில் எழுதப்படுகிறது. மூன்றாமவருக்குச் சிறுநீரில் ரத்தம் போகிறது, நோய் முற்றிவிட்டதாக வீடே கலங்குகிறது. மூன்று பேருக்கும் காரணம் மேசை இழுப்பறையில் இருக்கும் பாட்டில்.

நோயாளி ஏன் சொல்வதில்லை என்பதும் ஊரறிந்த விஷயம்தான். திட்டு விழும் என்ற பயம். "மூலிகைதானே, இதைப் போய் என்ன சொல்வது" என்ற எண்ணம். எல்லாவற்றையும்விட, யாரும் கேட்பதில்லை.

பி.எஸ்.ஏ. ஏமாற்றிய விதம்

மருத்துவத்தில் ஓர் எண் இறங்குவதும் நோயாளி நெடுநாள் வாழ்வதும் எப்போதும் ஒன்றாக நடப்பதில்லை. பி.எஸ்.ஏ.வைச் சுரப்பதே ஆண் ஹார்மோன் தூண்டும் வேலை. ஹார்மோனை அமுக்கும் எதுவும் அந்த எண்ணை அமுக்கும். எனவே எண் இறங்கியது உண்மை. ஆனால் "ஹார்மோனை அமுக்கும் ஏதோ ஒன்று உள்ளே போகிறது" என்பதற்குத்தான் அது சாட்சி. எண் இறங்கியதும் பாலுணர்வு போனதும் ஊசியைப் போலவே இருந்தன. ஊசியைத் தவிர்க்க நினைத்தவர்கள், பெயரும் அளவும் தெரியாத இன்னொரு ஹார்மோன் சிகிச்சைக்குள் போயிருந்தார்கள்.

இன்னொன்றும் உண்டு. புராஸ்டேட் புற்றுநோய் பெரும்பாலும் மெதுவாக நகர்வது. 2018-இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மருத்துவமனைச் சிகிச்சையை மறுத்து மாற்று மருத்துவத்தை மட்டும் தேர்ந்தெடுத்த 281 பேரைப் பார்த்தார்கள். மொத்தத்தில் சாவு ஆபத்து இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் ஐந்தரை மடங்குக்கும் மேல். புராஸ்டேட்டில் மட்டும் அவர்கள் பின்தொடர்ந்த காலத்துக்குள் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. நோய் மெதுவாக நகரும்போது, எதைச் சாப்பிட்டாலும் அதுதான் காப்பாற்றுகிறது என்று தோன்றிவிடும். மார்பகப் புற்றுநோய் வந்த ஒரு பெண், புராஸ்டேட் நோயாளி ஒருவரின் அனுபவத்தைக் கேட்டு முடிவெடுத்தால் உயிரையே விலையாகக் கொடுக்க நேரலாம்.

கலப்படம் இல்லாவிட்டால் போதுமா?

போதாது. பாட்டிலில் எழுதியது மட்டும்தான் உள்ளே இருந்தாலும் கணக்கு வேறு வழியில் தவறலாம். மனச்சோர்வுக்கு எடுக்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகையைக் குடல் புற்றுநோய் மருந்தான இரினோடெக்கானோடு சேர்த்து எடுத்தபோது, ரத்தத்தில் அந்த மருந்தின் செயல்படும் பகுதி 42 சதவீதம் குறைந்தது. நெதர்லாந்தில் 5 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு, 2002-இல் வெளியானது. நோயாளி கீமோவின் முழுக் கஷ்டத்தையும் பட எண்ணி வருகிறார், கிடைப்பது பாதியை ஒட்டிய மருந்து. வைட்டமின் ஈ புராஸ்டேட்டைக் காக்கும் என்று 35,533 ஆண்களை வைத்து 2001-இல் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். 2008-இல் மாத்திரையை நிறுத்த வேண்டியதாயிற்று. 2011-இல் வந்த முடிவின்படி வைட்டமின் ஈ எடுத்தவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடுதலாக வந்திருந்தது.

நம் ஊர்த் தயாரிப்புகளுக்கும் இதில் நேரடிப் பங்கு இருக்கிறது. பாஸ்டன் வட்டாரக் கடைகளில் விற்ற, தெற்காசியாவில் தயாரான 70 ஆயுர்வேதப் பொருட்களை 2004-இல் சோதித்தபோது 14-இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஏதாவது இருந்தது. இந்தியாவில் புற்றுநோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அந்தச் சட்டம் இருந்தும் அப்படிப்பட்ட விளம்பரங்கள் நம் கைபேசிக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன.

அதற்காக எல்லாக் கதவையும் சாத்த வேண்டியதில்லை. தூக்கமில்லாமல் தவித்த 410 புற்றுநோய் மீண்டவர்களிடம் நடந்த அமெரிக்க ஆய்வில் யோகா தூக்கத்தைச் சீராக்கியது. 2013-இல் வந்த முடிவு. மார்பகப் புற்றுநோய்க்கு, உடம்பில் எஸ்ட்ரோஜன் உருவாவதைக் குறைக்கும் அரோமடேஸ் தடுப்பான் மாத்திரை எடுத்து மூட்டுவலியால் அவதிப்பட்ட 226 பெண்களிடம் அக்குபங்சர் வலியைக் குறைத்தது; அது 2018. இரண்டிலும் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது. நோயைக் குணப்படுத்துவதாக இவை சொல்லவில்லை. சிகிச்சை விட்டுப்போன அவதியைத் தணிக்க வந்தவை. வயிற்றுக்குள்ளே எதுவும் போகவில்லை, மருந்தோடு மோத எதுவும் இல்லை.

மருத்துவமனையிலும் வீட்டிலும்

மருத்துவமனையில் "நாட்டு மருந்து எதுவும் சாப்பிடக் கூடாது, புரியுதா?" என்று சொன்னால் நோயாளி தலையாட்டிவிட்டுப் போவார், பாட்டில் அலமாரியின் உள்தட்டுக்குப் போகும். அதே கேள்வியை வேறு மாதிரிக் கேட்கலாம். "ஐயா, நிறையப் பேர் கஷாயம், சூரணம், காப்ஸ்யூல்னு ஏதாவது சேர்த்து எடுப்பாங்க. நீங்க என்னென்ன எடுக்கிறீங்க? அடுத்த தடவை வரும்போது எல்லாத்தையும் பையில போட்டு எடுத்துட்டு வாங்க." கேட்பவர் மருத்துவராக இருக்க வேண்டும் என்பதில்லை. ரத்த அழுத்தம் பார்க்கும் நர்ஸ் அக்காவிடம் மனம் திறந்து பேசுபவர்கள்தான் அதிகம். கேள்வி ஒரு தடவையோடு முடியவும் கூடாது. நோய் திரும்பும் பயம் வரும்போதெல்லாம் புதுப் பாட்டில் ஒன்று வீட்டுக்குள் வரும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அப்பாவோ சித்தியோ ஏதாவது எடுக்கத் தொடங்கியதும் எண் வியப்பூட்டும்படி இறங்கினால், அந்த மகிழ்ச்சியோடு அதே வாரம் மருத்துவரிடம் போய்ச் சொல்லுங்கள். காரணமில்லாமல் உடம்பில் கன்றிப்போன தடம் தெரிந்தாலோ, ஈறில் ரத்தம் நிற்காவிட்டாலோ, ஆணுக்கு மார்பு வீங்கினாலோ, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் வந்தாலோ அன்றைக்கே போக வேண்டும். பாட்டில் தீர்ந்தபிறகும் அதைத் தூக்கி எறிய வேண்டாம். பேட்ச் எண்ணையும் வாங்கிய தேதியையும் எழுதி வையுங்கள், கொஞ்சம் மருந்தையும் மிச்சம் வையுங்கள். பிசி-ஸ்பெஸ்ஸில் எந்த ஆண்டு எது கலந்திருந்தது என்று 2002-இல் சொல்ல முடிந்ததே, 1996 தொட்டு ஒவ்வொரு கட்டத்துப் பேட்ச்சும் சோதனைக்குக் கிடைத்ததால்தான்.